ஒகேனக்கல்லில் போட்ட சத்தம்

எனக்கு மூன்று மொழி தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை உண்டு. ஓசூரில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாணப் படம் எடுப்பவனுக்கு அது இல்லாமல் முடியாது. தளிப் பக்கத்துக் கல்யாணம் என்றால் கன்னடம், பாகலூர்ப் பக்கம் என்றால் தெலுங்கு, கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவர்கள் என்றால் தமிழ். உண்மையைச் சொன்னால், மற்ற இரண்டு மொழிகளிலும் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இந்தப் பக்கம் பாருங்க, தலையைத் தூக்குங்க, சிரிங்க. இதைத் தாண்டி யாராவது தெலுங்கில் பேசினால் சிரித்தபடியே காபி குடிக்கப் போய்விடுவேன்.

ஆனால் தெரிந்த அந்தக் கொஞ்சத்தை மண்டபமே அதிரும்படி சொல்வேன். தாலி கட்டும் நேரத்தில் மேளத்தையும் மீறி என் குரல்தான் கேட்கும். "மாப்பிள்ளை, கையை அப்படியே வைங்க! அக்கா, நீங்க கொஞ்சம் நகருங்க! மாமா, தலையை மறைக்காதீங்க!" ஒரு கல்யாணத்தில் ஐயர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மந்திரத்தையும் நீங்களே சொல்லிடுங்களேன்" என்றார். அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்ன பிறகுதான் புரிந்தது. வீடியோவையும் ஆல்பத்தையும் கம்ப்யூட்டரில் சரிசெய்வது அவள்தான். வீடியோவிலிருந்து என் சத்தத்தை வெட்டுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடுமாம்.

இப்படிப்பட்ட ஒருவனைத் தேடி வந்து, ஒளிந்திருந்து சத்தமில்லாமல் படம் எடுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். கேட்டவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். என்னைப் பற்றி அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே, நான் ஏன் ஒப்புக்கொண்டேன்?

அவர் தென்காசிப் பக்கத்துப் பிள்ளை. வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் இன்ஜினியர். அடையாள அட்டையைக் கழற்றாமல், வேலை முடிந்த கையோடு கடைக்குள் வந்து நின்றார்.

"அண்ணே, ப்ரபோசல் ஷூட் பண்ணுவீங்களா? பொண்ணுக்குத் தெரியாம எடுக்கணும்."

"அதெல்லாம் எத்தனையோ பண்ணியாச்சு தம்பி" என்றேன். ஒன்றுகூடச் செய்ததில்லை. எனக்குத் தெரிந்து நம் பக்கம் பெண் கேட்பது என்றால் வேன் பிடித்துக் கூட்டமாகப் போய், பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்து வருவது. இப்போதெல்லாம் மண்டி போட்டு மோதிரத்தை நீட்டுகிறார்கள் என்று போனில் பார்த்ததோடு சரி.

அந்தப் பெண்ணுக்குத் தளிக்குப் பக்கத்தில் ஊர். வீட்டில் ரோஜாத் தோட்டம், கோஸ், கன்னடம். இவருடைய கம்பெனியிலேயே தரம் பார்க்கும் பிரிவில் வேலை. இரண்டு வருடமாக ஒரே கம்பெனி பஸ், ஒரே சாப்பாட்டு மேசை.

"அவங்களுக்கும் பிடிக்கும்னுதான்ணே நினைக்கேன். ஆனா நான் வாயைத் திறந்து கேட்டதில்ல. வர்ற வெள்ளிக்கிழமை அவங்களைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள அவங்க வாயால ஒரு பதில் தெரிஞ்சாகணும். சரின்னு மட்டும் சொல்லிட்டாங்கன்னா, மறுநாளே அவங்க அப்பா முன்னாடி போய் நின்னுருவேன்."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நான் கெட்டுப்போவதெல்லாம் இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்காரர்கள் சிலர் வேன் எடுத்து ஒகேனக்கல் போகிறார்கள். அந்தப் பெண்ணும் வருகிறாள். அருவி பின்னால் தெரியும்படி ஒரு பாறையில் வைத்துக் கேட்டுவிடலாம். கூட வருகிறவர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும், அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியாது. திட்டம் பிரமாதம். அவள் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் கேமரா முன்னால் இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லையே.

ஒத்திகை பார்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஸ்டுடியோவிலேயே அவரை வலது முட்டி போடவைத்து, மோதிரப் பெட்டியை நெஞ்சுக்கு நேரே பிடிக்கவைத்து, பெண் நிற்க வேண்டிய இடத்தில் நானே நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பாஸ்போர்ட் படத்துக்காக ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். என் முன்னால் ஒரு வாலிபன் மண்டியிட்டு மோதிரம் நீட்டுவதைப் பார்த்தார். அப்படியே கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "வேணாம் தம்பி, அவசரப்படாதீங்க. வேற நல்ல இடமா பாருங்க" என்றாள்.

ஞாயிறு காலை அஞ்செட்டி வழியாக பைக்கில் கிளம்பி, வேன் வருவதற்கு முன்பே ஒகேனக்கல் போய்விட்டேன். தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது. மீன் பொரிக்கும் கடைகளைத் தாண்டி இறங்கி, பேசிவைத்த பாறையைக் கண்டுபிடித்தேன். வெளிச்சம், அருவி, எல்லாம் சரியாக இருந்தன. நான் ஒளிவதற்குத்தான் இடம் இல்லை. அது மொட்டைப் பாறை. பக்கத்தில் பெண்கள் குளிக்கும் இடம், அதையும் தாண்டி எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மேடு. அந்த மேட்டிலிருந்து பார்த்தால் பாறை நேராகத் தெரிந்தது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளைப் பற்றி என் மனைவி என்ன சொல்வாள் என்பதை இங்கே எழுத முடியாது. எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் ஆள்போலப் படுத்துவிட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? சட்டையைக் கழற்றினேன், அரை டிராயரோடு துண்டை விரித்துக் குப்புறப் படுத்தேன், தலைமாட்டில் இன்னொரு துண்டுக்குள் கேமராவை நீளமான லென்ஸோடு வைத்துக்கொண்டேன். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த ஆள் என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், இதுக்கும் தேய்க்கணுமா?"

"யாருக்கும் ஒண்ணும் வேணாம். சும்மா தேய்க்கிற மாதிரி நடிங்க."

"நடிக்கல்லாம் எனக்கு வராது சார். தேய்ச்சாத்தான் தேய்ச்ச மாதிரி இருக்கும்."

தேய்த்தார். சொன்னதைச் செய்கிற மனிதர். முதுகில் அவர் தட்டிய தட்டுக்கு எனக்கு எல்லாமே இரண்டு இரண்டாகத் தெரிந்தது. "மை அடிக்கிறீங்களா சார்?" என்று என் தலைமுடியைப் பற்றி வேறு விசாரித்தார். நான் கேமராவில் சத்தம் வராத ஏற்பாட்டைத் தட்டிவைத்தேன். இனிமேல் ஷட்டர் கிளிக் என்றுகூடச் சொல்லாது. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே சிலிர்த்தது.

வந்துவிட்டார்கள். இன்ஜினியர் தம்பி நான் சொன்னபடி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்தப் பெண் மஞ்சள் சுடிதாரில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்குகிறதா என்று காலால் தொட்டுப் பார்த்துப் பார்த்து நடந்தாள். பாறைக்கு வந்ததும் கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். எல்லார் கையிலும் போன் மேலே எழுந்தது. தம்பி சட்டென்று மண்டி போட்டார். சரியாக வலது முட்டி. வாத்தியார் நான் பூரித்துப் போனேன்.

லென்ஸ் வழியாக அவள் முகம் கிடைத்தது. அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். பத்து மண்டபங்களில் கிடைக்காத வெளிச்சம். அப்போது அவள் தலையைக் குனிந்துவிட்டாள். முடி முன்னால் விழுந்து முகம் மொத்தமும் மறைந்தது. அவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்பது தோளின் அசைவில் தெரிகிறது, முகம் மட்டும் தெரியவில்லை. இப்படி ஒரு படம் எந்த ஆல்பத்துக்கும் உதவாது. அடடா, போச்சே!

அவ்வளவுதான். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. தளிப் பெண் அல்லவா, கன்னடத்திலேயே திறந்துகொண்டது.

"அம்மா! ஸ்வல்ப ஈ கடே நோடி! தலெ எத்தி! நகி, நகி!"

கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க, தலையைத் தூக்குங்க, சிரிங்க. அருவிச் சத்தத்தையே அமுக்கிக்கொண்டு போன குரல். எனக்கும் அந்தப் பாறைக்கும் நடுவில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பெங்களூரிலிருந்து குடும்பமாக வந்திருந்த பெண்கள். அவர்களுக்குக் கன்னடம் நன்றாகவே புரிந்தது. எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்தார்கள், தலையைத் தூக்கினார்கள். எண்ணெய் வழிய, தொந்தியும் டிராயருமாக, நீட்டிய லென்ஸோடு ஒருவன் கிடந்தான். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. ஒரு அம்மாள் கூச்சல் போட்டார். நாலா பக்கமும் ஆண்கள் ஓடி வந்தார்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர் என் அக்குளுக்குள் கையை விட்டுத் தூக்கினார். எண்ணெய் வழுக்கி நான் திரும்பக் கீழே விழுந்தேன். இன்னொருவர் கையைப் பிடித்தார், அதுவும் நழுவியது. அன்றைக்கு எனக்கு முழு அடி விழாததற்குக் காரணம் என் நிரபராதித்தனம் அல்ல, நல்லெண்ணெய்தான். "நான் போட்டோகிராபர்ங்க, ஸ்டுடியோ வச்சிருக்கேன்!" என்று அலறினேன். "டிராயரோட இன்னாய்யா ஸ்டுடியோ!" என்று யாரோ முதுகில் ஒன்று வைத்தார்கள். எண்ணெய்க்காரரைப் பார்த்தேன். "தேய்க்கச் சொன்னார், தேய்ச்சேன். வேற எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

காப்பாற்றியது தம்பிதான். முட்டி போட்ட இடத்திலிருந்து எழுந்து, மோதிரத்தைக் கையில் பிடித்தபடியே தண்ணீரில் விழுந்தடித்து ஓடி வந்தார். "அடிக்காதீங்க! நம்ம ஆளு! நான்தான் எடுக்கச் சொன்னேன்!" என்று எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றார். எதை எடுக்கச் சொன்னாய் என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

கூட்டத்தின் முகம் ஒரு நொடியில் மாறியது. என்னை உதைக்க வந்தவர்களே இப்போது கைதட்டினார்கள். கூச்சல் போட்ட அம்மாள் கன்னத்தில் கை வைத்துச் சிரித்தார். எல்லாரும் அந்தப் பெண் பக்கம் திரும்பினார்கள். "ஓகே சொல்லும்மா!" என்றது ஒரு குரல். அதையே கன்னடத்தில், "ஹூம் அன்னம்மா!" என்றது இன்னொரு குரல். விசில் பறந்தது. கம்பெனிக்காரர்களின் போன்கள் இன்னும் கீழே இறங்கவில்லை.

அவள் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள். "கேமராவைக் கொடுங்கண்ணா."

கொடுத்தேன். துப்பட்டாவால் எண்ணெயைத் துடைத்துவிட்டுத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தில் நிறுத்தி என் பக்கம் திருப்பினாள். "இதுல நான் எப்படி இருக்கேன்?"

"சூப்பரா இருக்கீங்கம்மா." இத்தனை வருடத்தில் எல்லாப் பெண்களுக்கும் சொன்ன பதில்தான்.

"அதைக் கேக்கல. நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

பார்த்தேன். அவள் மோதிரத்தைப் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. சுற்றிலும் நீண்டிருக்கும் போன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முகம் எனக்குப் புதிதல்ல. மணவறையில் எத்தனையோ முறை எதிரே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சிரிங்கம்மா என்றுதான் கத்தியிருக்கிறேன். தம்பி என்னையே பார்த்தபடி நின்றார். அவருக்காக ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று ஆசையாகத்தான் இருந்தது.

"பயந்த மாதிரி இருக்கும்மா" என்றேன்.

தம்பியின் பக்கம் அவள் திரும்பினாள். கோபம் இருந்தது, ஆனால் குரல் உயரவில்லை. "என்ன படிக்கணும், எங்க வேலைக்குப் போகணும், வெள்ளிக்கிழமை யார் வரணும், எதையும் வீட்ல என்னைக் கேட்டுச் செய்யல. நீங்கதான் மொதல் தடவையா கேக்கறீங்க. அதையும் இவ்ளோ பேரை நிக்க வச்சுக் கேட்டா, வேணாம்னு நான் எப்பிடிங்க சொல்ல முடியும்?"

தம்பி கம்பெனிக்காரர்களைப் பார்த்து, "போனை உள்ள வைங்கப்பா, எல்லாரும் மேல போங்க" என்றார். யாரும் அசையவில்லை. இதற்குத்தான் ஆண்டவன் எனக்கு இந்தத் தொண்டையைக் கொடுத்தான் போலிருக்கிறது. "என்ன இங்க வேடிக்கை? கிளம்புங்க! நடங்க!" என்று ஒரு போடு போட்டேன். எனக்கு வராத தெலுங்கிலும் ஏதோ சொன்னேன். மொழி புரிந்தோ, நான் நின்ற கோலத்துக்கு அஞ்சியோ, கூட்டம் கலைந்தது.

"இப்பக் கேளுங்க" என்றாள் அவரிடம். என்னிடம், "அண்ணா, நீங்க திரும்பிக்கங்க."

திரும்பிக்கொண்டேன். என் தொழிலில் முக்கியமான நேரத்துக்கு முதுகு காட்டி நின்றது அதுதான் முதல் தடவை. அருவிச் சத்தத்தில் பின்னால் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எதிரே எண்ணெய்க்காரர் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்தது.

"என்ன நடக்குது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பேசறாங்க சார்."

"மண்டி போட்டிருக்காரா?"

"இல்ல சார். ரெண்டு பேரும் ஒக்காந்துனு பேசறாங்க."

"சிரிக்கிறாங்களா?"

அவர் கழுவுவதை நிறுத்தினார். "உங்களுக்கு எதுக்கு சார் எப்பப் பார்த்தாலும் சிரிச்சுக்கினே இருக்கணும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அடி வாங்க இருந்த எனக்காக மோதிரத்தோடு ஓடி வந்த பிள்ளை அல்லவா. உடம்பில் எண்ணெய் காய்ந்து பிசுபிசுத்தது. நேரம் நகரவே இல்லை.

"அண்ணே, திரும்பலாம்" என்று தம்பியின் குரல் கேட்டது.

திரும்பினேன். நான் கத்தியதும் மாப்பிள்ளைகள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. மோதிரப் பெட்டி பாக்கெட்டுக்குள் போயிருந்தது.

"வேணாம்னுட்டாங்கண்ணே."

தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ, எல்லாம் என்னாலதான்! என் வாய் இருக்கே, இதுல கொள்ளி வைக்க. நான் சத்தம் போடாம இருந்திருந்தா..."

"சரின்னு சொல்லியிருப்பேன்ணா" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு அப்படியே ஆற்றில் குதித்துவிடலாம் போலிருந்தது. அவள் கேமராவை என் கையில் வைத்தாள்.

"அவ்ளோ போனைப் பார்த்ததும் சரிங்கறது வாய் வரைக்கும் வந்துடுச்சுண்ணா. அதைச் சொல்லிட்டா அப்புறம் யாருகிட்டப் போய் மாத்திச் சொல்றது? இவரு நல்லவரு, அதனால இன்னும் கஷ்டம். நல்லவேளை நீங்க கத்தினீங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. "வெள்ளிக்கிழமை வர்றவங்களுக்கும் வேணாம்தான். இங்க ஒரு தடவை சொல்லிட்டேன் இல்ல, இனி வீட்லயும் சொல்ல வாய் வரும்."

படங்களை அழித்துவிடச் சொன்னாள். தம்பியைப் பார்த்தேன், அவர் தலையசைத்தார். அவள் கண் முன்னாலேயே கார்டை மொத்தமாக அழித்தேன். நன்றி சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பெனிப் பெண்கள் காத்திருந்த பக்கம் போனாள்.

தம்பி அந்த வேனில் ஏறவில்லை. என் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டார். குளித்தும் போகாத எண்ணெய் என் சட்டையிலிருந்து அவர் வெள்ளைச் சட்டைக்கு ஏறியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அஞ்செட்டியில் டீக்கடை முன்னால் நிறுத்தினேன். டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்தார்.

"அண்ணே, ரெண்டாவது தடவை நான் நல்லாத்தானே கேட்டேன்?"

"நல்லாக் கேட்டீங்க தம்பி. அதனாலதான் அவங்களால வேணாம்னு சொல்ல முடிஞ்சுது" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதார்.